பச்சைத் தண்ணீருக்குப் பாட்டில் மருந்து வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, பன்னிரண்டு கோய் மீன்கள் விட்டிருக்கிறோம். நல்ல வெயில் படும் இடம். தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. முழுவதும் இறைத்துத் தேய்த்துக் கழுவி நிரப்பினாலும் சில நாட்களில் பழையபடிதான். மீன் கடையில் பாசிக்கு மருந்து வாங்கி ஊற்றச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்காதீர்கள். தண்ணீரைப் பச்சையாக்குவது அழுக்கு அல்ல, அதில் மிதக்கும் ஒரு செல் பாசி. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு உரம். மருந்து பாசியைக் கொல்லும், ஆனால் உரத்தை அகற்றாது. செத்த பாசி உள்ளேயே அழுகி மறுபடியும் உரமாகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்தால், மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவிக்கும்.

இந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். மயில்துத்தத்தில் இருப்பதும் அதுதான். கடினமான போர் தண்ணீரில் அதன் வீரியம் குறையும். சிறுவாணித் தண்ணீர் போன்ற மென்னீரில் அதே அளவு மீனுக்கே விஷமாகலாம். எல்லா ஊருக்கும் ஒரே அளவை அச்சடித்து விற்கும் பாட்டிலை நம்பி மீன்களைப் பணயம் வைக்காதீர்கள். என்ன சரக்கு என்றே போடாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

தொட்டியை முழுதாகக் கழுவுவதையும் நிறுத்துங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிக் கொடுக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சுவரிலும் ஃபில்டரிலும்தான் குடியிருக்கின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தேய்த்துக் கழுவும்போது அவையும் போய்விடுகின்றன. வாரம் ஒருமுறை பத்து முதல் இருபது சதவீதத் தண்ணீரை மட்டும் அடியிலுள்ள கசடோடு எடுத்துவிட்டு மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு சேருங்கள்.

உங்கள் தொட்டி 180 கன அடி, அதாவது சுமார் 5,100 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு மீன் அதிகம். ஏழு மீன்களை இடம் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள், அங்குள்ள மீன்களுக்கு அது கேடு. தீனியை ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போட வேண்டாம்.

காசு செலவழிக்க வேண்டுமென்றால் முதலில் ஐம்பது சதவீத நிழல் தரும் ஷேட் நெட் வாங்கி மேலே கட்டுங்கள். பாசி மருந்தும், பாசியை அழிக்கும் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கும் செய்ய முடியாத வேலையை இது செய்யும்: வெயிலைப் பாதியாக்கும். அல்லிக் கொடியும் நிழல் தரும், உரத்தையும் உறிஞ்சும். கோய் மீன் மண்ணைக் கிளறும் என்பதால் அல்லி நட்ட சட்டியின் மண்மேல் கூழாங்கல் பரப்பி வையுங்கள். வெங்காயத்தாமரை மட்டும் வேண்டாம். மழையில் வழிந்து வாய்க்காலுக்குப் போனால் ஊர்க் குளத்தையே மூடிவிடும்.

இலேசான பச்சை மீனுக்குத் தீங்கு அல்ல. முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரிந்தால் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: மணிக்கு 2,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்த பம்ப் வாங்கினேன். ஐந்தடி உயரத்திலுள்ள சிறு அருவிக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: பெட்டியில் உள்ள எண், தண்ணீரை உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. ஏற்றும் உயரம் கூடக் கூட வரத்து குறையும். 'ஹெட்' என்று போட்டிருக்கும் அளவை எட்டும்போது வரத்தே நின்றுவிடும். உங்கள் பம்பின் ஹெட் ஒன்றரை மீட்டர் என்றால் ஐந்தடியில் அது சொட்டத்தான் செய்யும். வாங்கும்போது உங்கள் அருவியின் உயரத்தில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். தொட்டித் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்ற வேண்டும். 50 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 72 யூனிட் சேரும். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்; ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்கு முன்தான்.

உயரத்தைச் சொல்லிக் கேட்டும் கடைக்காரர் இதைத்தான் கொடுத்தார் என்றாலோ, பெட்டியில் ஹெட் அளவே இல்லை என்றாலோ, பில்லுடன் எழுத்து மூலம் முறையிடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி இல்லாத பெட்டியை விற்பதே விதிமீறல் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது. ஆனால் தண்ணீர் மறுபடி பச்சையாகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: நீல வெளிச்சம் தெரிந்தாலும், பாசியை அழிக்கும் புற ஊதாக் கதிர் 8,000 முதல் 9,000 மணி நேரத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். தொடர்ந்து எரிந்தால் அது ஏறக்குறைய ஒரு வருடம். ட்யூபை மட்டும் மாற்றினால் போதும், முழு யூனிட்டும் வேண்டாம். அதைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் உப்புப் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். எரியும் ட்யூபை நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணைக் கெடுக்கும். சுவரில் ஒட்டி நூல் நூலாக வளரும் பாசிக்கு யு.வி. பயன்படாது, அது விளக்கு வழியாகப் போவதே இல்லை. கையாலோ குச்சியாலோ சுருட்டித்தான் எடுக்க வேண்டும். கை விடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால், ட்யூப் வாங்குமுன் அதை வாங்கிப் பொருத்துங்கள்.