அமெரிக்காவில் மீன்பிடி, வேட்டை லைசென்ஸ் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? காசிமேட்டில் இப்படி எதுவும் இல்லையே?

அங்கே மாநில வனவிலங்குத் துறைகளுக்குச் சோறு போடுவதில் லைசென்ஸ் பணத்துக்குப் பெரிய பங்கு. வேட்டைக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்; சம்பளமும் டீசலும் ஏறிவிட்டன. மிச்சமிருப்பவர்கள் தலையில்தான் விழும். துப்பாக்கி, தோட்டா மீதான வரியை 1937 சட்டப்படி மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள்; அந்தப் பங்கும் பரப்பளவோடு லைசென்ஸ் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் கிடைக்கிறது. ஆள் குறைந்தால் இரண்டு பக்கமும் அடி.

இன்னொன்று, கட்டணத்தைப் பல வருடம் தொடாமல் விட்டுத் திடீரென்று ஏற்றுவார்கள். வாத்து வேட்டைக்கு லைசென்ஸோடு சேர்த்து வாங்க வேண்டிய மத்திய அரசு முத்திரை 1934இல் 1 டாலர். 15 டாலரிலேயே நெடுநாள் நின்று, 2015இல் ஒரே தாவலில் 25 ஆனது.

சரி, நம் ஊருக்கு வருவோம். வேட்டை லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தை 1991இல் திருத்தியதோடு அது போயிற்று. படகுக்கு 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும் லைசென்ஸும் உண்டு. ஆனால் காசிமேட்டு விசைப்படகுக்காரர் புலம்புவது அதற்காக இல்லை. டீசல், ஐஸ், வலை, அப்புறம் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம். இவற்றோடு ஒப்பிட்டால் லைசென்ஸ் கட்டணம் கொசுறு.

ராயபுரம் பக்கம் கல்லில் உட்கார்ந்து, தண்ணி பாட்டிலில் நரம்பைச் சுற்றி, இறால் துண்டைக் கோத்து நானும் தூண்டில் போட்டிருக்கிறேன். லைசென்ஸை யாரும் கேட்டதில்லை. "என்ன மாட்டிச்சு?" என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் கெளுத்தி.