நெட்வொர்க் டிரைவர் கோடில் எழுத்துப்பிழை: எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் டிரைவர்களில் எழுத்துப்பிழைகள் கண்ணில் படுகின்றன. அவற்றை மட்டும் திருத்தி பேட்ச் (கோட் மாற்றத்தைக் காட்டும் கோப்பு) அனுப்பினால் ஏற்பார்களா? எங்கே சறுக்கும்?

ஏற்பார்கள். வேறு வேலையோடு சேராமல் தனியாக வரும் சில்லறைத் துப்புரவு பேட்ச்களை நெட்வொர்க் பகுதியின் விதிமுறை ஆவணம் விரும்புவதில்லை. ஆனால் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைத் திருத்தங்களுக்கு அதே ஆவணம் விலக்கு கொடுத்திருக்கிறது. எனவே அனுப்பத் தயங்க வேண்டாம். கை வைக்கும் முன், அந்தச் சொல் கோடில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கமென்டுக்குள் இருந்தால் கவலையே இல்லை. லாகில் அச்சாகும் செய்தி என்றாலும் பெரும்பாலும் திருத்தலாம். பெயராக இருந்தால்தான் வில்லங்கம். ஒரு டிரைவர் ஈத்டூலுக்கு (நெட்வொர்க் கார்டின் அமைப்பையும் புள்ளிவிவரத்தையும் காட்டும் கருவி) தரும் கவுன்டர் பெயர் ஒன்றில் 'லெங்த்' என்ற சொல்லின் கடைசி டி-யும் எச்-சும் இடம் மாறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்கவே உறுத்தும். ஆனால் எங்கோ ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அந்தத் தப்பான பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும். நீங்கள் திருத்திய நாளிலிருந்து அதற்கு எண் கிடைக்காது. இன்னொன்று, அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட்தான். விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்க்கப்போய் பெயர் சரியாக 32-ஐத் தொட்டால், முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டுக்கு இடம் இருக்காது. மாட்யூல் பாராமீட்டர், சிஸ்எஃப்எஸ் கோப்பு (கர்னல் தன் விவரங்களைக் கோப்பாகக் காட்டும் இடம்), யூஏபிஐ ஹெடரில் (பயனர் நிரல்களுக்கான கர்னல் ஹெடர்) உள்ள பெயர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: பயனர் பக்கம் தெரியும் பெயர் பிழையாக இருந்தாலும் அதுதான் அதன் பெயர். ரெஜிஸ்டர் பெயரிலும் அவசரம் வேண்டாம். பிழை சிப்பின் டேட்டாஷீட்டிலேயே இருக்கலாம். இங்கே திருத்தினால் அங்கே தேடுபவருக்கு எதுவும் அகப்படாது. 'தானாக உருவாக்கப்பட்டது' என்று தலையில் எழுதியிருக்கும் ஹெடரையும் விட்டுவிடுங்கள், அடுத்த முறை உருவாக்கும்போது பிழை திரும்பி வந்துவிடும்.

டிரைவருக்குள்ளேயே புழங்கும் ஃபங்ஷன், மேக்ரோ பெயரை மாற்றலாம், ஆனால் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையை மட்டும் நம்பக்கூடாது. இரட்டை ஹேஷ் (##) வைத்து மேக்ரோ ஒட்டி உருவாக்கும் பெயர் கிரெப்பில் சிக்காது. இஃப்டெஃப் நிபந்தனைக்குள் இருக்கும் பகுதி உங்கள் கான்ஃபிகில் கம்பைலே ஆகாமல் போகலாம். முடிந்தவரை எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல்மாட்கான்ஃபிகில் ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள்.

பிழையைத் தேட கர்னலிலேயே கருவி இருக்கிறது. செக்பேட்ச் ஸ்கிரிப்டை '-எஃப்' கொடுத்து கோப்பின் மேல் ஓட்டினால், ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ஸ்பெல்லிங் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஒரே சொல் அடுத்தடுத்து இருமுறை வந்தாலும் பிடிக்கும். கோட்ஸ்பெல் என்ற தனிக் கருவி இன்னும் அதிகம் பிடிக்கும், கூடவே வீண் பிராதும் கொடுக்கும். 'என்டி' என்ற இரண்டெழுத்தை 'அண்ட்' என்று மாற்றச் சொல்லும்; நெட்வொர்க் கோடில் அது நெய்பர் டிஸ்கவரி (ஐபிவி6-இல் அண்டைக் கணினிகளைக் கண்டறியும் முறை). ஒரு பிழை கிடைத்ததும் அதே சொல்லை டிரைவர்ஸ்/நெட் முழுக்கத் தேடுங்கள். ஒரு டிரைவரின் கமென்டைப் பிரதி எடுத்தே அடுத்த டிரைவரை எழுதும் வழக்கம் உண்டு, பிழையும் சேர்ந்தே குடியேறியிருக்கும்.

பேட்ச் அஞ்சலின் தலைப்பில் வரும் முன்னொட்டை ஊகிக்காதீர்கள். அந்தக் கோப்புக்கு கிட் லாக் போட்டு, முந்தைய கமிட்டுகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் 'பேட்ச் நெட்-நெக்ஸ்ட்' என்று வர வேண்டும்; நெட்-நெக்ஸ்ட் என்பது அடுத்த வெளியீட்டுக்கான நெட்வொர்க் மாற்றங்கள் சேரும் களஞ்சியம். வைஃபை டிரைவர் என்றால் வயர்லெஸ்-நெக்ஸ்ட். எந்த கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்லும் 'ஃபிக்ஸஸ்' டேக் போட வேண்டாம். ஸ்டேபிள் கர்னலின் (வெளியான பதிப்புக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் கிளை) விதிகள் வெறும் எழுத்துப்பிழைத் திருத்தத்தை ஏற்பதில்லை, டேக்கைப் பார்த்து அங்கே இழுத்துவிட்டால் வீண் வேலை. யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். எச்டிஎம்எல் அஞ்சல் செல்லாது, கிட் சென்ட்-இமெயிலே நல்லது. போகிற போக்கில் இடைவெளியையும் சீர் செய்யும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மாற்றத்தைச் சொல் சொல்லாகக் காட்டும் வேர்ட்-டிஃப் போட்டால் நீங்கள் சொன்ன சொற்கள் மட்டுமே மாறியிருக்க வேண்டும்.

மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை மூல கர்னலில் சேர்க்கும் காலம்) நடக்கும் சுமார் இரண்டு வாரம் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும், அப்போது அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். விமர்சனம் வந்தால் குறைந்தது 24 மணி நேரம் விட்டு வி2 (பேட்சின் இரண்டாம் பதிப்பு) அனுப்புங்கள். என்ன மாறியது என்பதை கமிட் செய்திக்கு அடியில் வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே எழுதினால் அது கமிட் செய்தியில் சேராது.