பிளாஸ்கில் பூத்த வெள்ளைப் பஞ்சு

கேள்வி: சொந்த இடம் ஹற்றன். கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வளர்த்து எலும்புக் கலங்களாக மாற்றிக் காட்ட வேண்டும். மே கடைசியில் மழை பிடித்ததிலிருந்து நிம்மதி இல்லை. வெள்ளி மாலை ஊடகம் (கலங்கள் வளரும் சத்துத் திரவம்) மாற்றும்போது கலங்கள் அழகாக இருக்கின்றன. திங்கள் காலை பார்த்தால் வெள்ளைப் பஞ்சுபோல ஏதோ மிதக்கிறது. ஊடகத்தின் நிறம் மட்டும் மாறவில்லை. மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. இன்கியுபேட்டரில் (கலங்களை இளஞ்சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியில்) இரண்டு தடவை கீழ்த்தட்டு, ஒரு தடவை நடுத்தட்டு. பூஞ்சணக்கொல்லியைக் கூட்டிப் போடச் சொல்கிறார் சேர். மலைநாட்டு மூடுபனிக்கு இது தவிர்க்க முடியாதது என்கிறார்கள் கூட இருப்பவர்கள். குளிர் என்பதால் ஏசியை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்துதான் வேலை செய்கிறோம். சனி, ஞாயிறில் கரண்டும் போய்ப் போய் வருகிறது. அறிக்கை கொடுக்க இன்னும் 7 கிழமை. முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் கலம் வளர்க்கும் பிளாஸ்குகளில் மிஞ்சியிருப்பவற்றைக் காப்பாற்றும் எண்ணத்தை இன்றைக்கே விட்டால்தான் முடியும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஊடகத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது பீனோல் ரெட். பற்றீரியா புகுந்தால் ஒரே இரவில் அமிலம் கூடி ஊடகம் மஞ்சளாகும், பழைய கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கும். மதுவம் (ஈஸ்ட்) என்றால் நுணுக்குக்காட்டியில் மொட்டுவிட்ட மணிமணியாகத் தெரியும். நிறம் மாறச் சில நாள் எடுக்கும். நிறம் மாறாமல், கலங்காமல், பஞ்சுத் துணுக்கு மட்டும் மிதந்தால் அது பூஞ்சணம். பத்து மடங்கு பெருக்கத்தில் பாருங்கள், கிளைவிட்ட நூல்கள் தெரியும். பிளாஸ்கைத் திறக்காமலே பார்க்க வேண்டும். திறந்தால் அந்த அறை முழுக்க வித்திகளை நீங்களே விதைத்ததாகிவிடும்.

இது தொப்புள்கொடியோடு வந்ததாக எனக்குப் படவில்லை. கொடியோடு வருவது பெரும்பாலும் முதல் வளர்ப்பிலேயே முகம் காட்டும். துண்டுகளைத் தட்டில் ஒட்டிய ஓரிரு நாளில், அதுவும் இயற்கைப் பிரசவத்தில் எடுத்த கொடியாக இருந்தால். நீங்களோ ஏற்கெனவே வளர்ந்து பரவிய கலங்களைப் பற்றி எழுதுகிறீர்கள். அவை வெள்ளி வரை சுத்தம். ஆக, வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில்தான் தேட வேண்டும். சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: ஊடகம் மாற்றிய அரை மணி நேரம், அதற்குப் பிறகு இன்கியுபேட்டருக்குள் கழிந்த அறுபது மணி நேரம்.

எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம். கரண்ட் போவதை நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் என்றால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். இன்கியுபேட்டருக்குள் 37 பாகை, 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, ஏறத்தாழ 95 சதவீத ஈரப்பதன். இவ்வளவு ஈரமான காற்று ஒரு பாகை குளிர்ந்தாலே வியர்த்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் அறுந்து இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்று வையுங்கள். சுவரும் கண்ணாடிக் கதவும் முதலில் குளிரும். கீழே தட்டத்திலுள்ள தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்து ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி தட்டுகளிலும் பிளாஸ்க் மூடிகளிலும் முத்துமுத்தாகப் படியும். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்கும் வகை பிளாஸ்க் என்றால், மூடிக்கும் கழுத்துக்கும் இடையில் தேங்கும் அந்த நீர்ப்படலம்தான் பூஞ்சண நூல் உள்ளே நடந்துபோகும் பாலம். வடிகட்டி வைத்த மூடி பரவாயில்லை. ஆனால் அதுவும் நனைந்துவிட்டால் நம்புவதற்கில்லை. தண்ணீர்த் தட்டத்துக்கு மேலேயே இருக்கும் கீழ்த்தட்டு இரண்டு தடவை அடிபட்டதும் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தூளை உள்ளங்கையில் வைத்து நெரித்தே ஈரம் மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஈரம் மிஞ்சிய தூள் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக யாரும் மூடுபனியைக் குறை சொல்வதில்லை, அடுப்பைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ஆய்வுகூடத்திலும் மூடுபனி குற்றவாளி இல்லை. அதை உள்ளே அழைத்த யன்னல்தான் குற்றவாளி.

கலங்களைத் திறந்து வேலை செய்யும் உயிர்ப் பாதுகாப்புக் கெபினெட் ஒரு காற்றுத் திரையை நம்பி ஓடுகிறது. முன்வாயால் உள்ளே இழுபடும் காற்றின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ அரை மீற்றர். அவ்வளவுதான். பின்னால் யாராவது விறுவிறென்று நடந்து போனாலே அந்தத் திரை கிழியும். யன்னலால் வரும் மழைக்காற்றுக்கு அது எம்மாத்திரம்? யன்னலை மூடிவிடுங்கள், ஏசியைப் போடுங்கள். ஏசி குளிரூட்டுவதோடு அறையின் ஈரத்தையும் உறிஞ்சும். நமக்குத் தேவை அந்த இரண்டாவது வேலை. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தால் அதன் கை ஆய்வுகூடக் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. கம்பளி நூல் உதிர்வது வித்தி தூவுவது போலத்தான். கையுறையைக் கோட்டின் கை விளிம்புக்கு மேல் இழுத்து மாட்டுங்கள். அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். மழைக்காலத்தில் நனைந்த அட்டையைவிடப் பூஞ்சணத்துக்கு நல்ல வீடு கிடையாது. குடையும் வெளியே.

சேர் சொன்ன மருந்துக்கு வருகிறேன். வழக்கமாகப் போடும் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலவை பற்றீரியாவுக்கானது. பூஞ்சணம் அதைச் சட்டை செய்யாது. பூஞ்சணத்துக்கு அம்போட்டெரிசின் பி மில்லிலீற்றருக்கு 2.5 மைக்ரோகிராம் வரை போடுவார்கள். அது பூஞ்சணத்தின் மென்சவ்வைத் துளைத்துக் கொல்கிறது. ஆனால் நம் கலங்களின் மென்சவ்வையும் முழுதாக விட்டுவைப்பதில்லை. அளவைக் கூட்டினால் கலங்கள் சோர்ந்துபோகும். நீங்கள் காட்டப்போவதோ கலங்கள் எலும்பாக மாறும் திறனை. அடிபட்ட கலத்தை வைத்துக்கொண்டு திறனைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நானே இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பெயர் வேண்டாம், ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று மாதம் அம்போட்டெரிசினோடு கலங்களை ஓட்டினேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. சோதனைக்காக மருந்தை நிறுத்திய இரண்டாம் நாள் அத்தனை பிளாஸ்கும் பூத்துவிட்டன. தேடிப் பார்த்ததில், இன்கியுபேட்டர் தட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியது யார் தெரியுமா? நான்தான். மருந்து பூஞ்சணத்தை ஒழிக்கவில்லை, என் கண்ணுக்கு மறைத்து மட்டும் வைத்திருந்தது. சேரிடம் மறுத்துப் பேச வேண்டாம். “ஒரு கிழமை மருந்தில்லாமல் ஒரு சோதனை செய்து பார்க்கட்டுமா சேர்” என்று கேளுங்கள். எந்த மேற்பார்வையாளரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அந்தச் சோதனை எளிது. கலம் போடாமல், நுண்ணுயிர்க்கொல்லியும் இல்லாமல் ஊடகத்தை மட்டும் நான்கு பிளாஸ்கில் நிரப்புங்கள். இரண்டை மூடி இறுக்கி, வேறொரு சூடான பெட்டியில் 37 பாகையில் வையுங்கள். மற்ற இரண்டையும் வழக்கம்போல உங்கள் இன்கியுபேட்டரில், ஒன்று கீழ்த்தட்டு, ஒன்று மேல்தட்டு. நான்கும் பூத்தால் ஊடகமோ கையோ கெபினெட்டோ கெட்டிருக்கிறது. இன்கியுபேட்டரில் வைத்தது மட்டும் பூத்தால் சொல்லவே வேண்டாம். கூடவே சபரோ ஏகார்த் தட்டுகள் (பூஞ்சணம் வளர்த்துப் பார்க்கும் கூழ்த் தட்டுகள்) கிடைத்தால் கெபினெட்டுக்குள் ஒன்று, யன்னலோரம் ஒன்று என்று அரை மணி நேரம் திறந்து வைத்து, பிறகு மூடி அறை வெப்பநிலையில் ஐந்து நாள் விடுங்கள். யன்னலோரத் தட்டை சேரிடம் காட்டினால் ஏசி பற்றிய வாக்குவாதம் அன்றோடு முடியும்.

இன்கியுபேட்டரை இந்தச் சோதனைக்கு முன்பே கழுவிவிடாதீர்கள், தடயம் போய்விடும். கழுவும் நாளில் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். எதனோல் ஆவியும் சூடான கம்பியும் ஒத்துப்போகாது. தட்டுகளைக் கழற்றி ஓட்டோகிளேவில் (அமுக்க நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போடலாம். உட்சுவரைச் சவர்க்கார நீரால் துடைத்து, பிறகு பூஞ்சண வித்தியையும் கொல்லும் ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற கிருமிநீக்கியால் துடையுங்கள். 70 சதவீத எதனோல் கைக்கும் மேசைக்கும் நல்லது, ஆனால் எல்லா வித்திகளும் அதற்குச் சாவதில்லை. குளோரின் வேண்டாம், துருப்பிடிக்காத உருக்கையே தின்றுவிடும். சில இன்கியுபேட்டர்களில் 90 பாகை ஈரச் சூட்டிலோ 180 பாகை உலர் சூட்டிலோ தன்னைத் தானே சுத்தம் செய்யும் வசதி உண்டு. உங்களுடையதன் கைநூலைப் பாருங்கள். கதவு றப்பர் மடிப்பை மறந்துவிட வேண்டாம், கறுப்புப் புள்ளி முதலில் வருவது அங்கேதான். இனித் தட்டத்துக்குக் கிருமி நீக்கிய காய்ச்சிவடித்த நீர் மட்டும், கிழமைக்கொருமுறை மாற்றி.

கெட்ட பிளாஸ்குகளை மூடி இறுக்கியபடியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; ஓட்டோகிளேவில் வைக்கும்போது மூடியையும் பையின் வாயையும் சற்றுத் தளர்த்திவிடுங்கள். குளோரின் ஊற்றுவதானால் அதை மட்டும் செய்யுங்கள். குளோரின் ஊற்றியதை ஓட்டோகிளேவில் வைத்தால் நச்சுவாயு வரும்.

ஓட்டோகிளேவ் என்றதும் மலைநாட்டார் எல்லோருக்குமாக ஒரு வார்த்தை. அமுக்க அளவி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூட என்பதைத்தான். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் என்றால் 121 பாகை என்பது கடல்மட்டத்துக் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால், அதே 15 இறாத்தலில் உள்ளே ஏறத்தாழ 118 பாகைதான் கிடைக்கும். அங்கே 18 இறாத்தல் வரை போக வேண்டும். ஹற்றனில் ஏறத்தாழ 17. ஐந்நூறு மீற்றர் உயரத்துக் கண்டியில் வித்தியாசம் ஒரு பாகைக்குள், அதனால் உங்கள் பிரச்சினைக்கு இது காரணமாக இருக்காது. வெப்பநிலையைப் பார்த்து ஓட்டும் ஓட்டோகிளேவுக்கு இந்தக் கவலையே இல்லை. உள்ளே வைக்கும் பொருளில் ஒட்டும், கோடு கறுப்பாகும் நாடா சூடு பட்டதை மட்டும் சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது.

இன்னொன்றையும் இதோடு முடித்துவிடுங்கள்: மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியா. 1956 இல் முதன்முதலாகக் கலவளர்ப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. கலக்காது, நிறம் மாற்றாது, கலச்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் அசையாது. கலங்கள் மெல்ல மந்தமாகும், அவ்வளவுதான். வாயிலிருந்தும் வரும் என்பதால் கெபினெட் முன்னால் கதை பேச வேண்டாம். எலும்பாக்கும் கட்டத்துக்குப் போகுமுன் பீ.சீ.ஆர். (கிருமியின் டீ.என்.ஏ.யைத் தேடும் சோதனை) ஒன்று செய்து பாருங்கள்.

இனி 7 கிழமைக் கணக்கு. முதல் கிழமை சோதனை, அதன் கடைசியில் கழுவுதல். திரவ நைதரசனில் கலங்களை உறையவைத்த பழைய குப்பி இருக்குமல்லவா? இரண்டாம் கிழமைத் தொடக்கத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றவை கிடக்கட்டும். 37 பாகை நீரில் ஒன்றிரண்டு நிமிடம்; அரிசியளவு ஐஸ் மிஞ்சும்போதே எடுத்து, சூடான ஊடகத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, சுழற்றி, உறைபாதுகாப்பு மருந்தை நீக்குங்கள். குப்பியின் கழுத்து நீரில் முங்கக்கூடாது, நீர்த்தொட்டியும் கிருமிக் கிடங்குதான். அந்தக் கிழமை முடிவில் கலங்கள் பெருகித் தட்டு நிரம்பும். மூன்று, நான்கு, ஐந்தாம் கிழமைகள் எலும்பாக்கும் ஊடகத்துக்கு. 21ஆம் நாள் அலிசரின் ரெட் சாயம் போட்டால் படிந்த கல்சியம் செம்மையாகத் தெரியும். பிறகும் எழுத இரண்டு கிழமை கையில் இருக்கிறது. ஸ்டெம் செல்தான் என்று காட்டும் சிடி73, சிடி90, சிடி105 அடையாளச் சோதனை திட்டத்தில் இருந்தால் இரண்டாம் கிழமையிலேயே கொஞ்சக் கலங்களை அதற்கு ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த கதையையும் அறிக்கையில் எழுதுங்கள். பரீட்சகர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

கரண்டுக்கு வழி: இன்கியுபேட்டர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். இல்லையென்றால், உயர்ந்ததும் தாழ்ந்ததும் பதியும் வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். சனிக்கிழமை ஒருவராவது வந்து பார்க்கட்டும். கரண்ட் இல்லாத நேரம் கதவைத் திறக்க வேண்டாம். வந்த பிறகு மூடிகளில் ஈரம் இருந்தால், பிளாஸ்குகளைக் கெபினெட்டுக்குள் கொண்டுவந்து, எதனோல் தெளித்த துணியால் கழுத்தைச் சுற்றித் துடைத்து, மூடியைக் காய்ந்த புதிய மூடியாக மாற்றிவிட்டே திரும்ப வைக்க வேண்டும்.