அவள் பணத்தையே அவளுக்குக் கடனாகக் கொடுத்தீர்களா?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் காணிக்கையாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மாதச் செலவைத் தொடங்குவேன். கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், சபைக் கட்டட நிதிக்கு இந்த வருடம் பணம் தர மறுக்கிறான். "ஏழைக்கு நியாயம் செய்யாதவர்களின் காணிக்கை கர்த்தருக்கு வேண்டாம்" என்கிறான். நான் இரக்கமில்லாதவளா? பதினொரு வருடமாக வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கணவன் குடிகாரன். அதனால் அவளுடைய 4,000 ரூபாய்ச் சம்பளத்தில் 2,000-ஐக் கையில் கொடுத்து, மீதியை நானே வைத்திருந்து கிறிஸ்துமஸுக்கு மொத்தமாகக் கொடுக்கிறேன். ஆகஸ்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அழுதுகொண்டு நின்றாள். 5,000 ரூபாய் கடன் கொடுத்தேன். வட்டி வாங்கவில்லை, மாதம் 500 மட்டும் பிடித்துக்கொள்கிறேன். மகன் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டானோ என்று தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, மகனைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த 5,000 ரூபாயைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

ஜனவரி முதல் ஜூலை வரை, மாதம் 2,000 வீதம் 14,000 ரூபாய். ஆகஸ்டில் அவள் உங்கள் முன்னால் நின்று அழுதபோது அந்தப் பணம் உங்கள் பீரோவில் இருந்தது. பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து அவள் சம்பாதித்த பணம். அதில் ஒரு பகுதியை எடுத்துக் கடன் என்று பெயர் வைத்து அவளிடமே நீட்டியிருக்கிறீர்கள். அவளும் கும்பிட்டு வாங்கியிருப்பாள். வட்டி வாங்கவில்லையாம்! யார் பணத்துக்கு யார் வட்டி வாங்குவது? இதில் மாதம் 500 வேறு பிடிக்கிறீர்கள். ஆக, 4,000 ரூபாய்க்கு வேலை செய்கிறவள் 1,500 ரூபாயோடு வீட்டுக்குப் போகிறாள்.

கணவன் குடிகாரன் என்ற சமாதானத்தை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். வைத்திருங்கள் என்று அவள் உங்களிடம் சொன்னாளா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. சொல்லியே இருந்தாலும், கேட்ட அன்றைக்கே எடுத்துக் கொடுக்க வேண்டிய பணம் அது. கூலியைப் 'பொழுதுபோகுமுன்னே' கொடுத்துவிடு என்கிறது வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரம். அவன் ஏழை, அதை எதிர்பார்த்தே இருக்கிறான், கொடாவிட்டால் உன்னைக் குறித்துக் கர்த்தரிடம் முறையிடுவான் என்று காரணத்தையும் சொல்கிறது. கூலிக்காரன் வீட்டில் குடிகாரர் உண்டா என்று அங்கே விசாரணை இல்லை.

நீங்கள் தசமபாகத்தைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். காணிக்கை எடுக்கும்போதெல்லாம் நம் காதில் விழும் வசனம், தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10. வேதாகமத்தைத் திறந்து, அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்கிறவர்களுக்கு விரோதமாகத் தாமே சாட்சியாக நிற்பேன் என்கிறார் கர்த்தர். சூனியக்காரரும் விபசாரரும் பொய்யாணை இடுகிறவர்களும் நிற்கிற வரிசையிலேயே இவர்களையும் நிறுத்துகிறார். பத்தாம் வசனம் நமக்கு மனப்பாடம். ஐந்தாம் வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்க மாட்டோமா என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்தது. அடிமைகளை விடுவிக்கும்படி அங்கிருந்த மிஷனரிமார் 1847-இல் மகாராஜாவிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். 1855-இல் அடிமை முறையை ஒழித்துப் பிரகடனம் வந்தது. அதுவரை அந்த ஜனங்களுக்கு எஜமான் மனம் வைத்து அளந்து போட்ட நெல்தான். எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அவர் இஷ்டம். அந்த நெல்லுக்குக் கையேந்தியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வளர்த்த சபைகள் உங்கள் பக்கத்தில் உண்டு. அங்கே உட்கார்ந்து ஆராதிக்கிற நாம், ஒருத்தியின் கூலியை எப்போது கொடுப்பது என்று நம் இஷ்டத்துக்கு முடிவு செய்யலாமா? கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுக்கும் அந்த மொத்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்கள் தர்மம் இல்லை. இரக்கம் காட்டுவதெல்லாம் பாக்கியைத் தீர்த்த பிறகு.

மகன் பின்வாங்கவில்லை. ஆனால் அவன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. பெங்களூரில் இருந்துகொண்டு தாயைச் சொல்லால் குத்துவது சுலபம். அவன் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துப் போட்டதும் அந்தப் பெண்ணின் கைதானே? ஊருக்கு வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கணக்கை எழுதித் தீர்ப்பதுதான் பிள்ளைக்கு அழகு. சபைக் கமிட்டியில் இருக்கும் உங்கள் கணவரும் உடன் உட்காரட்டும். வீட்டு வேலைக்காரியின் சம்பளம் பெண்கள் விவகாரம் என்று அவர் ஒதுங்க வேண்டாம்.

ஆனால் மகன் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலை அவள் வந்ததும் துடைப்பத்தை எடுக்க விடாமல் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து நிறுத்தி வைத்ததையும், பிடித்த 500-களையும் கூட்டி, ஆகஸ்டில் கொடுத்த 5,000-ஐ மட்டும் கழித்து, மீதியை அவள் கையில் எண்ணிக் கொடுங்கள். அது கடன் இல்லை, உன் பணம்தான் என்று வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். கணவன் கையில் பணம் சிக்கிவிடும் என்று அவளே பயந்தால், தபால் நிலையத்துக்கு அழைத்துப் போய் அவள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பாஸ்புத்தகம் அவளிடம் இருக்கட்டும். அடுத்த மாதம் முதல் முழுச் சம்பளம்.

கொடுக்கப் பணம் குறைந்தால் கட்டட நிதிக்கு வைத்திருப்பதை எடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றுதான் இயேசு சொன்னார். மகனுக்கு நாளைச் சாயங்காலம் போன் செய்யலாம்.