வயசான காலத்துல பற்று எப்படி விடுறது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எனக்கு 72 வயசு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர். கணக்கு வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவன், இருபது வருஷமா மாசப் பூசத்துக்கு வடலூர் போயி பந்தியில பரிமாறிட்டு வர்றேன். சாமியார்லாம் இல்ல, அதனால தப்பா சொன்னா தாராளமா திட்டலாம்.

நெய்வேலி அக்கா: வீட்டுக்காரர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு ஐயா. அவரோட சட்டை எல்லாம் பீரோவுல அப்படியே இருக்கு. யாருக்காவது குடும்மாங்கறான் பையன், எனக்கு கை வர மாட்டேங்குது. தப்பா?

தப்புலாம் இல்லம்மா, ரெண்டு வருஷம்லாம் ஒரு கணக்கே இல்ல. எங்க வீட்டம்மா போனப்ப நானும் அப்படித்தான், மூணாவது வருஷம்தான் ஒரே ஒரு புடவைய எடுத்து எங்க தெருவுல பூ விக்கிற பொண்ணுக்கு குடுத்தேன். மறுவாரம் அந்தப் பொண்ணு அதக் கட்டிக்கிட்டு கூடையோட எதிர்ல வருது பாருங்க, எனக்கு நெஞ்சு பக்குனு ஆயிப்போச்சு, வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கிட்டு அழுதேன். ஆனா அடுத்த புடவைக்கு அவ்ளோ கஷ்டம் இல்ல. வடலூர்ல வள்ளலார் கட்டின சபையில ஜோதிக்கு முன்னாடி ஏழு திரை பாத்திருப்பீங்க. மாசப் பூசத்துக்கு ஆறு திரைதான் விலக்குவாங்க, ஏழும் விலகறது தைப்பூசத்துக்கு மட்டும்தான். அங்கயே அப்படி இருக்கப்ப நீங்க ஒரே நாள்ல பீரோவ காலி பண்ணணும்னு யாரு சொன்னா? "இன்னிக்கு ஒரு சட்டை"ன்னு பையன்கிட்ட சொல்லுங்க. ஒண்ண நீங்களே வச்சுக்கங்க, யாருக்கும் கணக்கு சொல்ல வேணாம்.

பண்ருட்டி அண்ணன்: நிலத்த பையன் பேருக்கு மாத்தி அஞ்சு வருஷம் ஆகுது. இப்ப முந்திரிய அழிச்சிட்டு வேற போடப் போறேங்கறான், ராத்திரில தூக்கமே இல்ல.

அண்ணே, பட்டாவ மாத்திட்டீங்க, நாட்டாமைய மாத்தல. 2011 டிசம்பர் 30, தானே புயல் ஞாபகம் இருக்கும்ல, உங்க பக்கம் தாத்தா காலத்து பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சிச்சே, அன்னிக்கு காத்துகிட்ட யாராவது சண்டைக்கு போனோமா? அழுதோம், மறுபடி கன்னு நட்டோம். பையன் கை வச்சா மட்டும் ஏன் கொதிக்குதுன்னா, காத்து நம்ம பேச்ச கேக்காதுன்னு தெரியும், பையன் கேட்டே ஆகணும்னு இருக்கோம். மரத்து மேல இருக்கற ஆசை கொஞ்சம்தான்ணே, மீதி பூரா 'என்ன கேக்காம எப்படி செய்யலாம்'. மண்ணு பத்தி, தண்ணி பத்தி உங்களுக்கு தெரிஞ்சத ஒரு தடவ முழுசா சொல்லிடுங்க, அதுக்கப்புறம் அவன் கூப்ட்டா மட்டும் கொல்லைக்கு போங்க. ரெண்டு மாசம் இருப்பு கொள்ளாது, அப்புறம் பழகிடும்.

புதுச்சேரி அன்பர்: வீடு, பணம் எல்லாத்தையும் பிள்ளைங்க பேருக்கு எழுதி குடுத்துட்டு ஆசிரமத்துல போயி உக்காந்துடலாம்னு இருக்கேன் ஐயா.

கொஞ்சம் பொறுங்க சார். பற்று விடறது வேற, பத்திரம் எழுதறது வேற. உயிரோட இருக்கறப்பவே எழுதிக் குடுக்கற செட்டில்மெண்ட் பத்திரத்த ரிஜிஸ்டர் பண்ணி குடுத்துட்டா சொத்து கை மாறிடும், மனசு மாறுச்சுன்னு சட்டுனு திரும்ப வாங்க முடியாது. உயில்னா உங்க காலத்துக்கு அப்புறம்தான் நடப்புக்கு வரும், உயிரோட இருக்கற வரைக்கும் மாத்தி எழுதலாம், ரெண்டு சாட்சி வேணும். இல்ல செட்டில்மெண்ட்தான்னு நின்னீங்கன்னா, கடைசி வரைக்கும் என்ன பாத்துக்கணும்ங்கற கண்டிஷன அதுலயே எழுதச் சொல்லுங்க, பாக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல ரத்து பண்ண கேக்க வழி இருக்கு. எதுக்கும் ஒரு வக்கீல பாத்துடுங்க, நான் வாத்தியார்தான். அப்புறம் ஆசிரமம். அரவிந்தர் 1910ல பாண்டிக்கு வந்தாரு, 1926ல ஆசிரமம் உருவாச்சு, வாழ்க்கைய விட்டு ஓடறத அவர் யோகம்னு சொல்லல. அங்க இருக்கறவங்க சமையல், அச்சகம், தோட்டம்னு ஆளுக்கு ஒரு வேலை பாக்கறாங்க. சும்மா உக்காரணும்னா சமாதி பக்கம் போயி அரை மணி நேரம் உக்காந்துட்டு வீட்டுக்கு வாங்களேன்.

சிதம்பரம் அம்மா: பேரன் மேல உயிரா இருக்கேன். இதுவும் பற்றுதானே, தடையா?

தடைன்னா திலகவதியம்மாவ என்னன்னு சொல்றது? பெரியபுராணக் கதை, நம்ம திருவதிகையில நடந்தது. கட்டிக்கப் போறவர் போர்ல போயிட்டார், பெத்தவங்களும் இல்ல, உயிர விடப் போனவங்க தம்பிக்காக நின்னாங்க. தம்பி சமணத்துக்கு போனப்ப பின்னாடியே ஓடி கைய புடிச்சு இழுக்கல, கோயில்ல கூட்டி மெழுகி பூத் தொடுத்துக்கிட்டு, சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தாங்க. சூலை வலி தாங்காம அவரா வந்து கால்ல விழுந்தப்ப திருநீறு குடுத்து கோயிலுக்கு கூட்டிட்டு போனாங்க, அந்தத் தம்பிதான் நம்ம அப்பர். பேரன் ரெண்டு நாள் போன் பண்ணலன்னா மருமகள திட்டறீங்களா? அத மட்டும் பாத்துக்கங்க, பாசம் பாட்டுக்கு இருக்கட்டும்.

ஒரு பொண்ணு, ஊர் சொல்லல: அப்பா ஒரு மாசமா சரியா சாப்பிடறதில்ல, யார்கிட்டயும் பேசறதில்ல, கேட்டா எல்லாத்தையும் விட்டுட்டேன்ங்கறார். பக்குவம்னு சந்தோஷப்படறதா?

இல்லம்மா, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ. மனச்சோர்வா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், காது கேக்காம கூட ஒதுங்கி உக்காருவாங்க. வள்ளலார் 1867ல வடலூர்ல சோறு போடற தருமசாலைய தொறந்து பசிக்குத்தான் மொதல்ல வழி பண்ணாரு, அந்த அடுப்பு இன்னி வரைக்கும் எரியுது. பட்டினி கிடக்கறத பக்குவம்னு நினைக்காத.

கடலூர் தம்பி: நீங்க எல்லாத்தையும் விட்டுட்டீங்களா சார்?

எங்கப்பா. கண்ணு சரியில்லன்னு போன வருஷம் பையன் என் டிவிஎஸ் 50 சாவிய வாங்கி வச்சிட்டான், நானும் பெரிய மனுஷன் மாதிரி சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டேன். டூப்ளிகேட் சாவி கணக்கு நோட்டுக்கு அடியில இருக்கு.