இரண்டு கடுவன், ஒரே ஈற்று: அப்பன் யார்?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைப் பெட்டை நாயை அதே இனக் கடுவனோடு சேர்த்தோம். இரண்டு நாள் கழித்து, பக்கத்து வளவு ராஜபாளையம் பின்கட்டுச் சுவர் ஏறிக் குதித்துவிட்டது. ஆறு குட்டிகளில் இரண்டு வெள்ளை. அந்த இரண்டுக்கு மட்டும் எச்சில் எடுத்து டி.என்.ஏ. பார்த்தால் போதுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: போதாது. பெட்டையின் வயிற்றில் விந்தணு பல நாள் உயிரோடிருக்கும். ஒரே ஈற்றில் இரண்டு அப்பன் சகஜம். ராஜபாளையத்துக்குப் பிறந்தது பழுப்பாகவும் வரலாம். ஆறு குட்டி, தாய், இரண்டு கடுவன் என ஒன்பது பேருக்கும் எடுங்கள்.

எச்சில் வேண்டாம், கன்னத்து உட்தோலின் செல்தான் வேண்டும். குட்டிகளைத் தாயிடமிருந்து ஒரு மணி நேரமாவது பிரித்து வையுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பால் குடிக்கும்போதும் தாய் நக்கும்போதும் தாயின் செல் ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ.வில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்துக்குக் குறியிடம் என்று பெயர்; ஒவ்வொன்றிலும் தாய் வழி ஒன்று, அப்பன் வழி ஒன்று என இரண்டு எண் வரவேண்டும், மூன்று வந்தால் கலப்படம். மறுபடி எடுக்க வேண்டும். பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே 15, 20 விநாடி உருட்டித் தேயுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குச்சி, கை கழுவிவிட்டு அடுத்தது. நிழலில் காயவிடுங்கள்; வத்தல் போல வெயிலில் போட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும், காகித உறையே நல்லது. குட்டிக் கழுத்தில் கலர் நூல் கட்டி, அதே நிறத்தை உறையில் எழுதுங்கள்.

நாய்களுக்கான சர்வதேச அடிப்படைத் தொகுப்பில் 21 குறியிடங்கள், அதுபோகப் பாலினம் அறிய ஒன்று. கணக்கு எளிது: ஓரிடத்தில் தாய் 12/15, குட்டி 12/18 என்றால் 18 அப்பனிடமிருந்து வந்தது. 14/16 உள்ள கடுவன் அங்கே பொருந்தாது. ஒரேயொரு இடம் இடித்தால் திடீர் மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று இடம் இடித்தால் அவன் அப்பன் இல்லை.

கேள்வி: அப்பனாக இருக்கக்கூடிய இரண்டு கடுவனும் ஒரே ஈற்று அண்ணன் தம்பி. பிரித்துச் சொல்ல முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்து வந்த வம்சமென்றால் அண்ணன் தம்பி எண்கள் நிறைய ஒத்துப்போகும். ஒருவனை மட்டும் அனுப்பி ‘பொருந்துகிறது’ என்று வாங்கிவந்தால், அவனை விலக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம், தம்பியும் பொருந்தலாம். இருவர் மாதிரியோடு தாயின் மாதிரியும் அனுப்பி, உடன்பிறப்பு என்று படிவத்தில் எழுதுங்கள். தீராவிட்டால், டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மாறும் இடங்களை, நூற்றுக்கும் மேலாகப் பார்க்கும் எஸ்.என்.பி. சோதனை கேளுங்கள்.