அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில், வேஷம் போட்ட குழந்தைகளோடு மிட்டாய் வாங்க வீடு வீடாகப் போவது ஆபத்தா? மிட்டாயை நம்பிச் சாப்பிடலாமா?

நியூஜெர்சிக்கு வந்த முதல் வருடம் எனக்கும் மிட்டாய்ப் பயம்தான். பையைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் என்று வரும் செய்திகளைப் பல வருடங்களாகத் துருவியிருக்கிறார். முன்பின் தெரியாதவர் விஷம் வைத்துக் கொடுத்து ஒரு குழந்தை இறந்ததாக அவருக்கு எதுவும் உறுதியாகவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தது உண்மை. கொடுத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்த அப்பா. உறை பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், போதும்.

பயப்பட வேண்டியது காருக்குத்தான். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கில், அக்டோபர் 31 மாலையை அதற்கு ஒரு வாரம் முந்தைய, பிந்தைய மாலைகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நடந்து போகிறவர்களின் சாவு 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு. ஆறு மணி வாக்கில்தான் உச்சம்; எங்கள் ஊரில் இருட்டத் தொடங்குவதும் அப்போதுதான்.

என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. கறுப்பு வௌவால் உடை, முகமூடி. எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் தருகிறார்கள் என்று எவனோ கத்த, நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவில் புகுந்து ஓடினான். வந்த வண்டி கிறீச்சென்று நின்றது. ஓட்டி வந்த அம்மா திட்டக்கூட இல்லை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து அந்த முகமூடியை நான் மாட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒன்றுமே தெரியவில்லை! அன்றோடு முகமூடிக்கு முழுக்கு, முகத்தில் சாயம் மட்டும். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுவேன். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, முனையில் போய்த்தான் கடப்போம்.

அப்புறம், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வீடு வந்து உறையைப் படிக்கும்வரை எதையும் வாயில் போட விடாதீர்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால் அங்கே மிட்டாய்க்குப் பதிலாகப் பொம்மை, ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது கிடைக்கும்.

பூசணிக்குள் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். கடையில் விற்கும் வேஷ உடைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். மத்தாப்பு கொளுத்தப் பருத்தி உடுத்தச் சொல்வோமே, அதே கதைதான். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. மகள் பட்டுப்பாவாடையிலேயே "நான் இளவரசி" என்று கிளம்பிவிட்டாள். தடுக்கி விழாமலிருக்க, கணுக்காலுக்கு மேல் ஏற்றி ஊக்கு குத்தி அனுப்பினேன்.